ஆறவிட வேண்டிய அரை மணி

ஜூன் 4, செவ்வாய்

சார்ஜர் மேல் சாக்ஸ் காய்கிறது.

எழுதும்போதே கை கூசுகிறது. இரவு எட்டரைக்கு ஸ்கூட்டர் பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன். பத்து நிமிடத்தில் ஒரு வாடை. ஊறிப்போன தோல், வண்டி கழுவும் சோப்பு, நாலு நாள் வியர்வை எல்லாம் சேர்ந்து வெதுவெதுப்பாக ஒரு வாடை. கூடத்துக்கு வந்து பார்த்தால், சார்ஜரின் ஃபேன் துவாரத்தை அடைத்துக்கொண்டு இரண்டு ஈர சாக்ஸ், பக்கத்துக்கு ஒன்றாகப் படுத்திருக்கின்றன. தரையில் சொட்டு.

கொழுந்தனைக் கேட்டேன். "மழை விடவே மாட்டேங்குது அண்ணி. அது நல்லா சூடா இருந்துச்சா... அதான்" என்றான். முப்பத்தாறு வயது. வாட்டர் வாஷ் கடையில் நாள் முழுக்கக் கார் கழுவுகிறான். மின்சாரத்தின் பக்கத்தில் ஈரம் போகக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லையாம்.

இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சின்னவன்தானே, விடு" என்றார். இந்த வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். சின்னவன். அறுபது வயதிலும் சின்னவனாகவே இருப்பான் போல.

சாக்ஸை இடுக்கியால் தூக்கி வெளியே போட்டேன். பிறகு இடுக்கியை மூன்று தடவை கழுவினேன்.

ஜூன் 5, புதன்

"ரத்தம் எடுக்கிறவளுக்கு எங்கிருந்து இவ்வளவு அருவருப்பு?" என்று இவர் சிரிக்கிறார். பெரிய நகைச்சுவை சொல்லிவிட்ட மாதிரி.

பதினோரு வருடமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் சேர்க்கிறேன். ரத்தம் மட்டுமா? மூத்திரம், சளி, மலம் எல்லாம் என் பெட்டியில்தான் போகின்றன. அதில் எதுவும் எனக்குக் குமட்டாது. மூடி போட்டுப் பெயர் எழுதி ஒட்டிவிட்டால் முடிந்தது, அது ஒரு பொருள். மூடி இல்லாததுதான் எனக்கு ஆகாது. குளியலறைச் சுவரில் சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் முடி. சாப்பிட்ட தட்டிலேயே கழுவிய கை. தொண்டையைச் செருமி, வந்ததை அப்படியே விழுங்குவது. இதெல்லாம் மூன்று மாதமாக என் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறது. பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனதும் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தவன், வேறெங்கும் போவதாகத் தெரியவில்லை.

பேட்டரிக்கான விதிகளை எழுதி பிளக்குக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். வண்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடக்கூடாது, அரை மணி ஆறவிட வேண்டும். இருபதுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. நூறு ஏறினபிறகும் விடிய விடிய விட்டுவைக்கக்கூடாது. துணி, பாய், மெத்தை பக்கத்தில் இருக்கக்கூடாது. நானாகக் கண்டுபிடித்ததில்லை, வண்டியோடு வந்த புத்தகத்தில் இருப்பதுதான். அந்தப் பேட்டரி இருந்தால்தான் எனக்கு வேலை. எடுத்த ரத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகாவிட்டால் அது வெறும் சிவப்புத் தண்ணீர்.

காலை ஐந்தரை முதல் பன்னிரண்டரை வரை வண்டி எனக்கு. மத்தியானத்துக்கு மேல் இவருக்கு, இரண்டிலிருந்து எட்டு வரை பார்சல் ஆபீஸ். நடுவில் பேட்டரிக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்தான். நான் வந்து அதைக் கழற்றி மேலே தூக்கிவந்து தரையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். குளித்து, உடுப்பைத் துவைத்து முடிக்கச் சரியாக அரை மணி. அதற்குள் அது ஆறியிருக்கும். வந்து ஸ்விட்சைப் போடுவேன். ஒருநாள் தவறியதில்லை.

இன்று அந்தத் தாளில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: சாக்ஸ் கூடாது.

ஜூன் 9, ஞாயிறு

முழு சார்ஜில் எழுபது கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்த வண்டி, இன்று நாற்பத்தெட்டிலேயே சிவப்பு காட்டியது. வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து சார்ஜரைக் கவிழ்த்துத் தட்டினேன். துவாரத்திலிருந்து ஒரு கரப்பான் மீசையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. கதகதப்பாக இருக்கிறதல்லவா, குடித்தனம் நடத்துகிறது. கரப்பான் ஏன் வரும்? கூடத்தில் ஒருவன் படுத்தபடி பிஸ்கட் தின்றால் வராமல் என்ன செய்யும்?

சாப்பிடவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

பேட்டரி பிளக்கில் எண்ணெய் விரல் தடம். யார் தொட்டது என்று கேட்டேன். இரண்டு பேரும் நான் இல்லை என்றார்கள். ஒரு ஆள் பொய் சொல்கிறான். எந்த ஆள் என்று எனக்கா தெரியாது?

ஜூன் 14, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பதினோரு மணிக்கு மேம்பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. முப்பத்தொரு சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது, அப்படியே பூஜ்யத்துக்கு விழுந்தது. பெட்டியில் பதினேழு பேரின் ரத்தம். வெயிலில் தள்ளிக்கொண்டு, ஆட்டோ எதுவும் நிற்காமல், லேபுக்குப் போய்ச் சேரும்போது இரண்டே முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. ஆறு குப்பி வீண். அதில் ஒன்று, ரிட்டயர்டான டீச்சர் ஒருவருடையது. நரம்பே தெரியாத கை அவருக்கு. காலையில் மூன்று தடவை குத்தித்தான் கிடைத்தது. மறுபடியும் போய்க் கையை நீட்டச் சொன்னேன். "பரவாயில்லமா, உன் மேல என்ன தப்பு" என்று அவர் சொன்னதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவை ஆச்சுன்னா உங்க ரூட்ட வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

இரவு இவர் வந்து உட்கார்ந்தபிறகு சின்னவன் வந்தான். ஈரக்கால் தடம் வாசலிலிருந்து கூடம் வரைக்கும். நான் வாயைத் திறந்தேன். திறந்தபிறகு மூடத் தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "நீ என்ன மனுஷனா, அழுக்கு மூட்டையா? நீ கை வச்சது எது உருப்பட்டிருக்கு? இந்தப் பேட்டரி உருப்பட்டுச்சா? பார்த்த வேலை உருப்பட்டுச்சா? கட்டினவ நின்னாளா?"

கடைசியைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன்.

"நான் பேட்டரியத் தொடல அண்ணி. அன்னிக்கு சாக்ஸ் போட்டதோட சரி" என்றான். பிறகு அண்ணனைப் பார்த்தான். ஒரு நிமிடம் இருக்கும், அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். இவர் பேப்பரை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார்.

அவன் பையை எடுத்துக்கொண்டு, "வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தான். அதைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். கூடத்தை ஃபினாயில் ஊற்றி இரண்டு தடவை தேய்த்தேன்.

ஜூன் 15, சனி

வீடு வீடாக இருக்கிறது. சோப்புக் கட்டியில் முடி இல்லை.

ஜூன் 20, வியாழன்

இன்று நாற்பத்தாறு கிலோமீட்டர். அவன் போயும் ஏறவில்லை. கெட்டது கெட்டதுதான் போலிருக்கிறது, திரும்புமா என்ன? எங்கே தங்கியிருக்கிறான் என்று இவரைக் கேட்டேன். "கடைக்கு மேலயே ஒரு ரூம் இருக்காம்" என்றார். போய்ப் பார்த்தீர்களா என்றால் பேப்பரைத் திருப்புகிறார்.

சார்ஜரைப் பல் தேய்க்கும் பிரஷால் சுத்தம் செய்தேன். கரப்பான் இல்லை. முட்டைக்கூடு மட்டும் இருந்தது, பழுப்பாக, தையல் போட்ட பை மாதிரி. அதைப் பார்த்ததிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் அது நினைவுக்கு வருகிறது.

ஜூன் 27, வியாழன்

சரக்கென்று உள்ளே இறங்கும் பேட்டரி இன்று முட்டுகிறது. திருப்பிப் பார்த்தேன், பக்கவாட்டில் லேசாக வயிறு தள்ளியிருக்கிறது. தடவினால் தெரிகிறது. தொட்ட கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை.

சர்வீஸுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். "எதுக்கு அலையணும்? பழசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். வீடு பற்றி எரிந்தாலும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார்.

ஜூலை 3, புதன்

முப்பத்தொன்பது. இரண்டு வீட்டை நாளைக்குத் தள்ளிவைத்தேன். எத்தனை நாள் தள்ள முடியும்?

ஜூலை 8, திங்கள்

இவரிடம் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு சர்வீஸுக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த மெக்கானிக் பேட்டரியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். நான் மற்றவர்களைப் பார்க்கும்போது என் முகம் இப்படித்தான் போகும் என்று எப்போதோ யாரோ சொன்னது நினைவு.

"இத மறுபடி வீட்டுக்குள்ள வைக்காதீங்கக்கா. இங்கயே இருக்கட்டும்" என்று, மூன்று வாரத்துக்கு வேறொரு பேட்டரியைக் கொடுத்தார். எங்கள் பேட்டரிக்குள்ளே எல்லாம் பதிவாகியிருக்குமாம். எப்போது சார்ஜ் போட்டது, எப்போது எடுத்தது, அப்போது எவ்வளவு சூடு, எல்லாம். "உள்ளுக்குள்ள ஒரு ஆள் உக்காந்து எழுதிக்கிட்டே இருக்கான்னு வச்சுக்குங்களேன்" என்றார். நாளை மறுநாள் எடுத்துத் தருகிறேன் என்றார்.

நல்லது. சின்னவனின் முகத்தில் விட்டெறிய எனக்கு ஒரு தாள் வேண்டும்.

ஜூலை 10, புதன்

தாள் கிடைத்தது. ஒன்றல்ல, பதினாறு.

மெக்கானிக் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். "ராத்திரி சார்ஜ் எல்லாம் ஒழுங்கா இருக்கு. மத்தியான சார்ஜ்தான் கெடுத்திருக்கு. வண்டிய விட்டு எடுத்த அடுத்த நிமிஷமே போட்டிருக்கீங்க. நாப்பத்தொன்பது டிகிரி, அம்பது டிகிரி. கொதிக்கக் கொதிக்க. தினமும் இப்படிப் போட்டா எந்தப் பேட்டரி தாங்கும்?"

நான் சிரித்தேன். மத்தியானம் நான்தான் போடுகிறேன், அரை மணி ஆறவிட்டுத்தான் போடுகிறேன், உங்கள் இயந்திரம் தப்பு என்றேன்.

அவர் விரலை வைத்துக் காட்டினார். 12.36, சார்ஜ் தொடக்கம். 12.58, நிறுத்தம். 1.01, சார்ஜ் தொடக்கம். அடுத்த நாள் 12.38. 12.57. 1.00. தினமும் இரண்டு தடவை. அந்த ஒரு மணிக்கு வருவது நான். 12.36க்கு வருவது யார்?

பஸ்ஸில் வரும்போது தேதிகளைப் பார்த்தேன். ஜூன் 14க்குப் பிறகு சின்னவன் இந்த வீட்டில் இல்லை. ஜூன் 15 இருக்கிறது. 20 இருக்கிறது. ஜூலை 7 வரைக்கும் இருக்கிறது, ஒன்றுகூட விடவில்லை. அவன் இருந்த காலத்திலும் காலை ஒன்பதுக்குப் போனால் மாலையில்தானே வருவான். மத்தியானம் பன்னிரண்டரைக்கு வீட்டில் எத்தனை பேர்? நான் குளியலறையில். வெளியே ஒரே ஒரு ஆள்.

இது ஏன் எனக்கு அன்றே தோன்றவில்லை? விரல் தடத்தைப் பார்த்தவள், ஈரக்காலைப் பார்த்தவள் — மணியை ஏன் பார்க்கவில்லை? நாறுகிறவன்தான் தப்பு செய்வான் என்று எந்தப் புத்தகத்தில் படித்தேன்?

ஜூலை 11, வியாழன்

கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்வார், எனக்குப் பார்க்க வேண்டும்.

வழக்கம்போல இந்த மாற்றுப் பேட்டரியையும் தரையில் வைத்தேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வாளியில் விட்டேன். உடுப்பைக் கழற்றாமல் ஐம்பது வரைக்கும் எண்ணினேன். கதவைத் திறந்துகொண்டு வந்தேன்.

குந்தி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பிளக். இன்னொரு கையில் துண்டு. ஸ்விட்ச் போடுகிற சத்தம் எனக்குக் கேட்டுவிடக்கூடாது என்று அதன்மேல் துண்டைப் பொத்தி, அழுத்திக்கொண்டிருந்தார். என்னுடைய துண்டு. நான் முகம் துடைக்கிற துண்டு.

"என்ன பண்றீங்க?"

"இல்ல... இன்னிக்குத்தான்..."

தாள்களை முன்னால் போட்டேன். முகத்தில் ஈயாடவில்லை. பிளக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். போன வருடம் ஒருநாள் பார்சல் ஆபீஸ் வாசலில் வண்டி நின்றுபோனதாம். தள்ளிக்கொண்டு போனபோது எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்களாம். "எண்பதுக்கு மேல இருந்தாத்தான் எனக்கு நிம்மதியா இருக்கும். நீ விடற ஒரு மணி நேரத்துல அறுபது சதவீதம் வரைக்கும்தான் ஏறுது."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீ திட்டுவ."

"அவன நான் அவ்வளவு பேசினேனே. பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

அதற்குச் சொன்னார்: "அவன் எப்படியும் போகப்போறவன்தானே. உனக்கும் அவனப் பிடிக்கல."

இதுக்கு மேல என்ன எழுதறது? இருபது வருஷம். இவன் சட்டை கசங்காது. தினமும் ரெண்டு தடவை குளிப்பான். நகத்தை வெட்டி, காகிதத்துல மடிச்சுக் குப்பையில போடுவான். இவன்தான் சுத்தமானவன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தம்பி தலையில அழுக்க வழிச்சு ஊத்திட்டு, பேப்பர் மடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். அந்தத் துண்டுக்கு சாக்ஸ் எவ்வளவோ மேல். சாக்ஸ் எல்லாருக்கும் தெரியற மாதிரி மேலயே கிடந்தது.

ஜூலை 13, சனி

இரண்டு நாளாக வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். "ஏதாவது பேசேன்" என்றார். அந்தத் துண்டைத் தரை துடைக்கப் போட்டுவிட்டேன், பார்த்தார்.

ஜூலை 21, ஞாயிறு

வாட்டர் வாஷ் கடைக்குப் போனேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டபிறகுதான் போனேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

காரின் அடியில் குனிந்து சேற்றை அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தான். சட்டை கையைவிட ஈரம். நான் தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணி. ஒருநாள் காய்ச்சல்னு லீவு போட்டு வீட்டுல கெடந்தேன்ல, அன்னிக்குப் பார்த்தேன். அண்ணன் உதட்டுல விரல வச்சு சைகை காட்டினாரு."

"ஏன்டா சொல்லல? அன்னிக்கு அவ்வளவு கேட்டேனே!"

குனிந்து தண்ணீர்க் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தான். "சொன்னா உங்களுக்கு அவரையும் பிடிக்காம போயிடும். அப்புறம் அந்த வீட்டுல யாரத்தான் உங்களுக்குப் பிடிக்கும்?"

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருக்கிறான், பாவி. அவன் பெண்டாட்டியைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க" என்று தலையைத் திருப்பிக்கொண்டான். அது மட்டும் இன்னும் ஆறவில்லை என்று தெரிந்தது. ஆறும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வா என்றேன்.

"வேணாம் அண்ணி. பேட்டரிக்காக நான் போகல. நான் உள்ள வந்தாலே உங்க மூக்கு ஒரு மாதிரி போகும். நீங்க வேணும்னு செய்றதில்ல, எனக்குத் தெரியும். ஆனா போகும். இங்க எல்லாரும் ஒரே நாத்தம், யாருக்கும் யாரையும் தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் என் மூக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கையை வைத்து மறைத்துக்கொண்டேன்.

ஜூலை 26, வெள்ளி

நாங்கள்தான் கெடுத்தோம், வாரண்டி கிடையாது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. புது பேட்டரி நானே வாங்கினேன். வண்டி இனி எனக்கு மட்டும். இவர் பஸ்ஸில் போகிறார். குளிக்கப் போகும்போது சார்ஜரை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போகிறேன். முதல் நாள் பூட்டும்போது இவர் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் நாளிலிருந்து அந்த நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சின்னவனின் ரூமுக்குப் போனேன். இந்தத் தடவை மேலே ஏறிப் போனேன். தீப்பெட்டி அளவு ரூம், மூன்று பேர் இருக்கிறார்கள், மற்ற இருவரும் வேலையில். கயிறு முழுக்க ஈரத் துணி. ஜன்னல் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

உட்காரச் சொன்னான். கட்டிலின் விரிப்பில் உட்கார்ந்தேன். அடுப்பில் டீ வைத்து, ஒரு டம்ளரை எடுத்து உதறினான். அதை எங்கே, எப்போது கழுவினார்கள் என்று தெரியாது. உள்ளே பழைய டீயின் பழுப்பு வளையம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தது. விளிம்பில் யாருடைய உதடோ. அதில் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தான்.

டீயை அவன் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குடித்தேன். சர்க்கரை ரொம்ப அதிகம். பாதியில் வைத்துவிடலாம் என்று தோன்றியது, வைக்கவில்லை. பேட்டரி எப்படிப் போகிறது என்று கேட்டான். நேற்று எழுபத்திரண்டு போனது என்றேன். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டான். இருக்கிறார் என்றேன்.

குடித்து முடித்ததும் டம்ளரைக் கழுவலாம் என்று எழுந்தேன்.

"வைங்க அண்ணி. நான் பார்த்துக்கறேன்."

வைத்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஊற்றட்டுமா என்று கேட்டான். அதே டம்ளரில் ஊற்றச் சொன்னேன்.